கற்க வந்த ஆசிரியர்

நுழையும்முன்

ஆசிரியர் என்பவர் அறிந்ததை அறியாதவர்க்கு வழங்குபவர் என்றே பலரும் எண்ணுகிறோம். வேற்று நாட்டில், வேற்று மொழி பேசும் குழந்தைகளிடையே தொண்டாற்றச் செல்பவர்க்கு அந்த எண்ணம் மட்டும் போதாது. அந்நாட்டு மக்களின் மொழியையும் வீட்டையும் வாழ்வையும் அவர் முதலில் கற்றாக வேண்டும். அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் ஆசிரியராகப் புகழ்பெற்று, கொல்கத்தாவின் குறுகிய சந்து ஒன்றில் சிறுமியர்க்காகப் பள்ளி நடத்தித் தம் வாழ்வை நிறைவு செய்தவர் நிவேதிதை. அவர் கற்பித்த வரலாறும் கற்ற வரலாறும் இப்பாடத்தில் ஒருங்கே இடம்பெறுகின்றன.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் வடபகுதியில் டைரோன் என்னும் மாவட்டத்தில் டங்கானன் என்ற ஊர் உள்ளது. அவ்வூரில் 1867ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மார்கரெட் எலிசபெத் நோபிள் பிறந்தார். தந்தை சாமுவேல் ரிச்மண்ட் நோபிள் கிறித்தவ சமயப் போதகர். தாய் மேரி இசபெல். தாய்வழிப் பாட்டனார் அயர்லாந்தின் தன்னாட்சிக்காக உழைத்தவர்களுள் ஒருவர். எனவே அடிமைப்பட்ட நாடு ஒன்றின் ஏக்கத்தையும் எளியவர்க்கு இரங்கும் உள்ளத்தையும் மார்கரெட் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

தந்தை ஏழை மக்களின் இல்லங்களுக்குச் செல்லும்போது சிறுமி மார்கரெட்டும் உடன் செல்வதுண்டு. ஆனால் அந்தத் துணை நீண்ட நாள் நிலைக்கவில்லை. மார்கரெட்டுக்குப் பத்து வயதானபோது தந்தை காலமானார். அப்போது அவருக்கு வயது 34. குடும்பத்தின் பொருள்நிலை தளர்ந்தது. மார்கரெட்டும் அவருடைய தங்கையும் இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்னும் ஊரில் திருச்சபை நடத்திய உறைவிடப் பள்ளியில் பயின்றனர். கட்டுப்பாடு மிகுந்த அப்பள்ளியில் இலக்கியம், இசை, அறிவியல் ஆகியவற்றில் அவர் ஆழ்ந்த பயிற்சி பெற்றார். படிப்பு முடிந்ததும் வேலை தேட வேண்டிய நிலை இருந்தது. 1884ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில் மார்கரெட் ஆசிரியரானார்.

குழந்தையை அறிதல்

கெஸிக், ரக்பி, ரெக்ஸம், செஸ்டர் என ஊர்கள் பலவற்றில் அவர் பணியாற்றினார். ரக்பியில் ஆதரவற்ற சிறுமியர்க்குக் கற்பித்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரெக்ஸமில், வகுப்பு முடிந்தபின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்று அவர்தம் துன்பங்களைக் கேட்டறிந்தார். பள்ளிக்கு வரும் குழந்தையின் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்பதையும், அந்த வீட்டை அறியாமல் குழந்தையை அறிய இயலாது என்பதையும் அந்நாள்களில் அவர் உணர்ந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் புதிய கல்விச் சிந்தனை பரவிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெஸ்டலாஜி, செருமானியரான ஃபிரோபெல் ஆகியோரின் கருத்துகள் இளம் ஆசிரியர்களைக் கவர்ந்தன. மனப்பாடத்தையும் தண்டனையையும் விடுத்து விளையாட்டு, கைத்தொழில், உற்றுநோக்கல் ஆகியவற்றின் வழியே குழந்தையின் உள்ளாற்றலை மலர்விக்க வேண்டும் என்பது அக்கருத்துகளின் சாரம். மார்கரெட் அவற்றை ஆர்வத்துடன் கற்றார். இலண்டனை அடுத்த விம்பிள்டனில் தமக்கென ஒரு பள்ளியையும் தொடங்கினார். கல்வியாளர் நடுவிலும் எழுத்தாளர் நடுவிலும் அவர் பெயர் அறியப்படலாயிற்று. முப்பது வயதுக்குள் ஓர் ஆசிரியர் விரும்பத்தக்க நற்பெயர், நண்பர் குழாம், சொந்தப் பள்ளி ஆகிய அனைத்தும் அவருக்குக் கிடைத்திருந்தன.

தெரிந்து தெளிவோம்
ஃபிரோபெல் 1837ஆம் ஆண்டில் செருமனியில் சிறு குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1840இல் தம் கல்வி முறைக்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அச்சொல்லின் பொருள். நிவேதிதை இம்முறையை இங்கிலாந்தில் கற்று, இந்தியச் சூழலுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தினார்.

அழைப்பும் எச்சரிக்கையும்

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டனில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் நடந்த சிறு கூட்டத்தில் மார்கரெட் முதன்முதலாக விவேகானந்தரைக் கண்டார். அவர் உரையை மார்கரெட் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களுக்குச் சென்றார், ஐயங்களை எழுப்பினார், விடைகளை ஆராய்ந்தார். நெடுநாள் சிந்தனைக்குப் பின்னரே அவரை ஆசானாக ஏற்றார்.

இந்தியப் பெண்களின் கல்விக்காகத் தாம் வகுத்துள்ள திட்டங்களையும் அவற்றிற்கு மார்கரெட் துணைபுரிய இயலும் என்பதையும் விவேகானந்தர் ஒருநாள் தெரிவித்தார். மார்கரெட்டின் உள்ளத்தில் அச்சொல் ஆழப் பதிந்தது. ஆயினும் அவரை இந்தியாவுக்கு வரச் செய்ய விவேகானந்தர் இனிய சொற்களைப் பயன்படுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு சூலைத் திங்களில் எழுதிய மடலில், நாட்டின் கொடிய வெப்பம், மக்களின் வறுமை, சாதிக் கட்டுப்பாடு, தீண்டாமை ஆகியவற்றை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். இந்தியர் அவரை அயலாராக ஒதுக்கக்கூடும். இந்தியரோடு பழகுவதால் வெள்ளையர் அவரைப் பித்தர் என எள்ளக்கூடும். நகரங்களுக்கு வெளியே ஐரோப்பிய வசதி எதுவும் கிட்டாது என எச்சரித்தார். நன்கு எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்யுமாறும், பணியில் வென்றாலும் தோற்றாலும் தாம் துணைநிற்பதாகவும் உறுதியளித்தார்.

மார்கரெட் எண்ணிப் பார்த்தார்; புறப்பட்டார். 1898ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் அவர் வந்த கப்பல் கொல்கத்தாத் துறையை அடைந்தது. அவரை வரவேற்க விவேகானந்தரே துறைமுகத்திற்கு வந்திருந்தார். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் மார்கரெட் நோன்பு ஏற்று நிவேதிதை என்னும் பெயர் பெற்றார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள்.

கற்றதை மறத்தல்

பெயர் மாறியதும் உள்ளம் முழுதும் மாறிவிடவில்லை. ஆங்கிலேய ஆட்சி உலகுக்கு நன்மையே செய்கிறது என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியிருந்தது. அவர் எந்த நாட்டவராகத் தம்மைக் கருதுகிறார் என்று ஆசான் ஒருமுறை வினவியபோது, ஆங்கிலக் கொடியின்மீது தமக்குள்ள பற்றை அவர் வெளிப்படையாகவே கூறினார். அவ்விடை ஆசானை வியப்பில் ஆழ்த்தியது.

1898 கோடையில் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் தங்கியிருந்தபோது இம்முரண்பாடு முற்றியது. காலைதோறும் நடைபெற்ற உரையாடல்களில், அவர் உறுதியென நம்பிய கருத்துகளை விவேகானந்தர் ஒவ்வொன்றாகத் தகர்த்தார். தம் நாட்டு அளவுகோலைக்கொண்டு பிற நாட்டை அளப்பது அறியாமை என்பதை இரக்கமின்றிச் சுட்டிக்காட்டினார். தோழமையை எதிர்பார்த்து நெடுந்தொலைவு வந்திருந்த நிவேதிதைக்கு அது பெரும் வேதனையைத் தந்தது. உடனிருந்த மூத்த தோழியர் இடையிட்ட பின்னரே ஆசானுக்கும் மாணவிக்கும் இடையே இணக்கம் திரும்பியது. தம் வாழ்வின் மிகக் கடுமையான பாடம் அதுவே என நிவேதிதை பின்னாளில் மறைக்காமல் எழுதினார். பிறருக்குக் கற்பிக்க வந்தவர், தாம் முன்பு கற்ற சிலவற்றை மறக்கவும் கற்றுக்கொண்டார்.

போஸ்பாரா சந்து

அக்காலக் கொல்கத்தாவில் பெண்கல்வி முற்றிலும் இல்லாமல் இல்லை. 1849ஆம் ஆண்டிலேயே அங்குப் பெத்யூன் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. ஆயினும் நகரின் வடபகுதியில் பழமை போற்றும் குடும்பங்கள் பல, பெண்களைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கின. பெண்கள் வெளியார் கண்ணில் படாது வாழ்வதே சிறப்பெனக் கருதப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் திருமணம் முடிந்துவிடும். கணவனை இழந்த சிறுமியர் உணவிலும் உடையிலும் கடுமையான நோன்புகளை ஏற்றே வாழ வேண்டியிருந்தது. இத்தகைய குடும்பங்கள் நிறைந்த பாக்பஜார் பகுதியைத்தான் நிவேதிதை தம் பணிக்களமாகத் தேர்ந்தார். ஐரோப்பியர் வாழும் அகன்ற வீதிகளை விடுத்து, போஸ்பாரா சந்தில் குடியேற முனைந்தார்.

அச்சந்தில் அப்போது சாரதா தேவியார் வாழ்ந்துவந்தார். இராமகிருஷ்ணரின் துணைவியாரான அவர் எழுத்தறிவு மிகுதியும் பெறாதவர், ஊர்ப்புறத்தில் பிறந்தவர், பழைய மரபில் வளர்ந்தவர். ஆனால் வேற்று நாட்டுப் பெண்ணைத் தம் மகளென ஏற்று, அவருடன் அமர்ந்து உணவு உண்டார். பிற சமயத்தவரோடு உண்பது குற்றமென எண்ணப்பட்ட அந்நாளில் இச்செயல் ஊராருக்குப் பெரிய செய்தியாயிற்று. நிவேதிதை சில நாள்கள் அந்த வீட்டிலேயே தங்கினார். மற்ற பெண்களோடு தரையில் பாய் விரித்துப் படுத்தார். அவர்கள் எழும் வேளையில் எழுந்தார். வழிபாடு, சமையல், விருந்தோம்பல் ஆகியவற்றை அருகிருந்து கண்டார். வங்க மொழியையும் துறவி ஒருவரிடம் முறையாகப் பயின்றுவந்தார்.

பின்னர் அதே சந்தில் 16ஆம் எண் வீட்டை வாடகைக்குப் பெற்றார். அங்கு வேலைக்கு வந்த முதிய பணிப்பெண் ஒரு நிபந்தனை விதித்தார். தம் சமையலறைக்குள் நிவேதிதை நுழையலாகாது. அடுப்பையும் குடிநீரையும் தொடலாகாது என்பதே அது. தம் வீட்டிலேயே தமக்கு இடப்பட்ட இத்தடையை நிவேதிதை சினமின்றி ஏற்றார். அம்மூதாட்டியின் நம்பிக்கையை வாதத்தால் வெல்ல அவர் முயலவில்லை. பொறுத்திருந்து அன்பால் நெருங்கினார்.

ஆண்டுகள் சில சென்றன. கோபாலரின் அன்னை என மக்களால் போற்றப்பட்ட, ஆசாரம் மிக்க அந்தணக் கைம்பெண் ஒருவர் தம் இறுதிக் காலத்தை நிவேதிதையின் இல்லத்திலேயே கழித்தார். 1906இல் அவர் மறையும்வரை நிவேதிதை அவரை மகள்போல் பேணினார். சமையலறையைத் தொடக்கூடாது எனத் தடுக்கப்பட்டவரின் வீடே, ஆசாரம் மிக்க மூதாட்டி ஒருவர்க்கு அடைக்கலமாயிற்று.

பள்ளி பிறந்தது

1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், காளி பூசையன்று, 16ஆம் எண் வீட்டில் பள்ளி தொடங்கப்பட்டது. சாரதா தேவியார் வழிபாடு செய்து, அங்குப் பயிலும் சிறுமியர் சிறந்த பெண்டிராக விளங்க வேண்டுமென வாழ்த்தினார். விவேகானந்தரும் பிற துறவியரும் உடனிருந்தனர்.

தொடக்கத்தில் வந்தவர் சில சிறுமியரே. அவர்களைத் திரட்டுவதற்காக நிவேதிதை வீடு வீடாகச் சென்று பெற்றோரை வேண்டினார். இப்பள்ளியை முடிந்த முடிவான ஒரு திட்டமாக அவர் கருதவில்லை; ஓர் ஆய்வாகவே கருதினார். இங்கிலாந்தில் வெற்றி பெற்ற முறையை அப்படியே கொண்டுவந்து நடுவதில் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். இந்நாட்டுச் சிறுமியர்க்கு எது தேவை, அவர்களிடம் முன்பே உள்ள ஆற்றல்கள் யாவை என்பதைக் கண்டறிவதே தம் முதல் வேலை என எண்ணினார். மாணவி ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே குறிப்பு எழுதினார். ஒருத்தியின் கூர்ந்த அறிவு, மற்றொருத்தியின் பிடிவாதம், வேறொருத்தியின் கைத்திறன் என அவர் கண்டவை யாவும் அக்குறிப்புகளில் இடம்பெற்றன.

கொள்ளைநோய்க் காலம்

பள்ளி தொடங்கிச் சில மாதங்களில், 1899ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. மக்கள் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். நோய் தடுப்புப் பணிக்கென இராமகிருஷ்ண இயக்கம் அமைத்த குழுவின் செயலராக நிவேதிதை பொறுப்பேற்றார். செய்தித்தாள்களில் வேண்டுகோள் விடுத்து நிதி திரட்டினார். மாணவர் கூட்டத்தில் உரையாற்றித் தொண்டர்களைச் சேர்த்தார். குப்பை நிறைந்த தெருவைத் தூய்மை செய்ய ஆளின்றிப் போனபோது தாமே துடைப்பத்தைக் கையில் எடுத்தார். அதைக் கண்டு நாணிய இளைஞர்கள் தெருவில் இறங்கிப் பெருக்கத் தொடங்கினர்.

அந்நாளில் நோயாளிகளுக்குப் பண்டுவம் செய்த மருத்துவர் ஆர். ஜி. கர், தாம் கண்ட காட்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். எளிய குடியைச் சேர்ந்த சிறுவன் ஒருவனை நோய் பற்றியிருந்தது. அவன் பிழைப்பது அரிது எனவும், அக்குடிசையில் மிகுந்த எச்சரிக்கை தேவை எனவும் மருத்துவர் கூறிச் சென்றார். மாலையில் அவர் மீண்டும் வந்தபோது, ஈரம் கசியும் அக்குடிசையில் சிறுவனை மடியில் ஏந்தி நிவேதிதை அமர்ந்திருந்தார். இரவு பகலாக அவர் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. குடிசையைத் தூய்மை செய்ய வேண்டியிருந்தபோது சிறு ஏணியில் ஏறித் தாமே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சிறுவன் பிழைக்கவில்லை, அவரைத் தன் தாயென எண்ணி அழைத்தவாறே உயிர்விட்டான். பாக்பஜார் மக்கள் நிவேதிதையைத் தம்முள் ஒருவராக ஏற்றமைக்கு இத்தகைய நிகழ்வுகளே காரணமாயின.

மூடிய கதவும் திறந்த கதவும்

அன்பினால் மட்டும் பள்ளியை நடத்திவிட இயலவில்லை. வாடகைக்கும் நூல்களுக்கும் உணவுக்கும் பணம் இல்லை. நிதி திரட்டும் பொருட்டு 1899 சூன் மாதத்தில் விவேகானந்தருடன் நிவேதிதை மேலைநாடுகளுக்குப் புறப்பட்டார். பள்ளியின் கதவு மூடப்பட்டது. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று இந்தியப் பெண்களின் வாழ்வைப் பற்றிப் பேசினார். கேட்டவர் பலர், கொடுத்தவர் சிலர். எதிர்பார்த்த அளவு பொருள் சேரவில்லை. ஆயினும் சாரா புல் போன்ற தோழியரின் துணை கிடைத்தது. தம் எழுத்தின்வழி வந்த வருவாயையும் அவர் பள்ளிக்கே செலவிட்டார்.

1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை வழியாக நிவேதிதை கொல்கத்தா திரும்பினார். சென்னை மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். போஸ்பாரா சந்தின் 17ஆம் எண் வீட்டில் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்டின் என்னும் செருமானிய மரபினர், பள்ளியின் அன்றாடப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் சுதீரா தேவி என்னும் வங்கப் பெண்மணி ஆசிரியராகச் சேர்ந்தார். 1903இல் மணமான பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. வீட்டு வேலை முடிந்தபின் நடுப்பகல் வேளையில் அவர்கள் வந்து படிக்கவும் எழுதவும் தைக்கவும் கற்றனர். திரையிட்ட குதிரை வண்டி அவர்களை அழைத்துவந்தது. திரையை அகற்று என்று நிவேதிதை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. திரைக்குப் பின்னிருந்த பெண்ணைக் கல்விக்கு அழைத்துவருவதே முதன்மையெனக் கருதினார். இப்போக்கு மிகவும் மென்மையானது என்றும், பழமையை அவர் அளவுக்கு மீறிப் போற்றினார் என்றும் குறை கூறுவோர் உண்டு. ஆனால் அவர் பொறுமை காட்டியிராவிட்டால் அந்தப் பெண்களுள் பலர் பள்ளியின் வாயிலை மிதித்திருக்கவே மாட்டார்கள் என்பதும் எண்ணத்தக்கது.

வகுப்பறைக் காட்சிகள்

வங்கமொழி, கணக்கு, வரலாறு, நிலவியல் ஆகியவற்றோடு ஓவியம், களிமண் உருவங்கள், தையல் ஆகியவற்றுக்கும் நிவேதிதை சிறப்பிடம் அளித்தார். இந்தியப் பெண்கள் வீட்டு வாயிலில் இடும் மாக்கோலத்தில் உயர்ந்த கலையைக் கண்டார். சிறுமியர் வரைந்தவற்றைச் சுவரில் மாட்டி, வருவோர்க்கெல்லாம் பெருமையுடன் காட்டுவார். அருங்காட்சியகம், விலங்குக்காட்சிச் சாலை, தட்சிணேசுவரக் கோயில் ஆகிய இடங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்வார். வீட்டைத் தவிர வேறொன்றும் காணாத கண்களுக்கு உலகம் அவ்வாறு திறந்தது. வரலாறு கற்பிக்கும்போது அவர் தம்மையே மறந்துவிடுவார். சித்தூர்க் கோட்டையைப் பற்றிக் கூறும் நாளில், அக்கோட்டையின் முன் தாம் நிற்பதுபோலவே உணர்ந்து பேசுவார்.

ஒருநாள் ஓவிய வகுப்பில், கோட்டைக் குறிக்க மாணவியர் ஆங்கிலச் சொல்லையே கூறினர். நிவேதிதை நிறைவடையவில்லை, அதற்குரிய வங்கச் சொல் யாதென வினவினார். ஒருவருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. சற்றுநேரம் கழித்து ஒரு சிறுமி ரேகா என்று கூறினாள். புதையல் கண்டவர்போல் நிவேதிதை மகிழ்ந்து, அச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர், வங்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுமியிடம் ஒரு சொல்லைக் கேட்டுப் பெற்றார்.

மற்றொரு முறை, இந்தியாவின் அரசி யார் என்று அவர் மாணவியரைக் கேட்டார். ஆங்கிலேய அரசியின் பெயரையே அவர்கள் விடையாகக் கூறினர். அவ்விடை அவரை வருத்தியது. இந்நாட்டு மகளிரின் உள்ளத்தில் என்றும் அரசியாக வீற்றிருப்பவள் சீதையே என்று அவர் உணர்த்தினார். முன்பு ஆங்கிலக் கொடியைத் தம் கொடியென்று கூறிய அதே மார்கரெட்தான் இவர் என்பதை நினைக்கும்போது, அவர் கடந்துவந்த தொலைவு நமக்குப் புலனாகிறது.

மாணவியருள் கணவனை இழந்த இளம்பெண் ஒருவர் இருந்தார். ஏகாதசி நாளில் அத்தகையோர் உண்ணா நோன்பு இருப்பது வங்கத்து வழக்கம். அந்நாள்களில் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சிற்றுண்டி அளிப்பதை நிவேதிதை வழக்கமாகக் கொண்டிருந்தார். ஓர் ஏகாதசியன்று வேலை மிகுதியால் அதை மறந்துவிட்டார். மாலையில் அறிவியலறிஞர் சகதீச சந்திர போசின் இல்லத்தில் இருந்தபோது திடீரென நினைவு வந்தது. உடனே எழுந்து வீடு திரும்பி, அப்பெண்ணை வரவழைத்து உண்ணச் செய்தார். தாம் உண்டிருக்க, தம் மகள் பசித்திருந்தாளே என்று மீண்டும் மீண்டும் வருந்தினார். குழந்தைகளின் பெயர்களோடு அவர்களின் பசியையும் நினைவில் வைத்திருந்த ஆசிரியர் அவர்.

நாட்டுப்பணியும் எழுத்துப்பணியும்

1902ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் விவேகானந்தர் மறைந்தார். ஆசானை இழந்த துயரின் நடுவே நிவேதிதை ஓர் அரிய முடிவை எடுக்க நேர்ந்தது. நாட்டு விடுதலை பற்றிப் பேசுவதும் எழுதுவதும் தம் கடமை என அவர் கருதினார். துறவியர் இயக்கமோ அரசியலில் ஈடுபடுவதில்லை என்னும் நெறி உடையது. எனவே இயக்கத்துக்குத் தம்மால் இடர் நேராதவாறு, அதனுடன் கொண்டிருந்த முறையான தொடர்பிலிருந்து அம்மாதமே விலகினார். ஆனால் துறவியரோடும் சாரதா தேவியாரோடும் அவர் கொண்ட அன்பு குறையவில்லை, பள்ளியும் தொடர்ந்தது.

1905இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசி இயக்கத்தை அவர் ஆதரித்தார். பள்ளியில் நாட்டு வாழ்த்துப் பாடப்பட்டது. வச்சிரப் படையைச் சின்னமாகக் கொண்டு இந்தியாவுக்கென அவர் ஒரு கொடியை வடிவமைத்தார். அவர் மாணவியர் அதைத் துணியில் பின்னினர். 1906ஆம் ஆண்டுக் கொல்கத்தாக் காங்கிரசு மாநாட்டை ஒட்டிய கண்காட்சியில் அக்கொடி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் கிழக்கு வங்கத்தில் பஞ்சமும் வெள்ளமும் சூழ்ந்தபோது, நீரில் நடந்தும் படகில் சென்றும் ஊர்களைக் கண்டு மக்களுக்கு ஆறுதல் கூறினார். அப்பயணத்தின் பின் கடுங்காய்ச்சலுற்றார்; அவர் உடல்நலம் பின்னர் முழுமையாகத் திரும்பவே இல்லை.

இந்தியக் குடும்ப வாழ்வைப் பற்றி 1904இலும், குழந்தைகளுக்கான புராணக் கதைகளைத் தொகுத்து 1907இலும், தம் ஆசானைப் பற்றி 1910இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். சகதீச சந்திர போசின் அறிவியல் நூல்கள் உருவாகவும் பெருந்துணை புரிந்தார். பகலில் வகுப்பறையிலும் இரவில் எழுத்து மேசையிலும் அவர் வாழ்வு கழிந்தது.

பாரதியின் ஞானகுரு

தமிழ்நாட்டுக்கும் நிவேதிதைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. காங்கிரசு மாநாட்டின்பொருட்டு வடநாடு சென்ற சுப்பிரமணிய பாரதியார், கொல்கத்தாவில் நிவேதிதையைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்துவரவில்லை என நிவேதிதை வினவியதாகவும், பாரதியார் கூறிய விடை அவருக்கு உவப்பளிக்கவில்லை எனவும் கூறுவர். பெண்ணுக்கு உரிய இடத்தை வீட்டில் தராதவர் நாட்டுக்கு விடுதலை தேடுவது எவ்வாறு என்னும் சிந்தனையை அச்சந்திப்பு பாரதியாரின் உள்ளத்தில் விதைத்தது. அவரைத் தம் ஞானகுருவாகப் பாரதியார் ஏற்றார். 1908இல் வெளிவந்த சுதேச கீதங்கள், 1909இல் வெளிவந்த ஜன்மபூமி ஆகிய நூல்களை அவருக்கே காணிக்கையாக்கினார். போஸ்பாரா சந்தில் சிறுமியர்க்கு ஏற்றப்பட்ட விளக்கின் ஒளி, தமிழ்க் கவிதையிலும் படர்ந்தது.

நிறைவு

1911ஆம் ஆண்டின் பூசை விடுமுறையில், போசு குடும்பத்தாருடன் நிவேதிதை டார்சிலிங் சென்றார். அங்கு நோயுற்றார். முடிவு நெருங்குவதை உணர்ந்து அக்டோபர் 7ஆம் நாள் தம் விருப்ப ஆவணத்தை எழுதச் செய்தார். தம் உடைமை, கைப்பணம், நூல்களின் வருவாய் ஆகிய அனைத்தும் இந்தியப் பெண்களின் கல்விக்கே பயன்பட வேண்டும் என அதில் குறித்தார். அக்டோபர் 13ஆம் நாள் காலை அவர் இயற்கை எய்தினார். நாற்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு இரு வாரங்களே இருந்தன. டார்சிலிங்கில் எழுப்பப்பட்ட அவருடைய நினைவிடக் கல்வெட்டு, தம்மிடம் இருந்த அனைத்தையும் இந்தியாவுக்கு ஈந்தவர் என அவரைச் சுட்டுகிறது.

அவர் வாழ்ந்த காலத்தில் அப்பள்ளி பெரிய கட்டடமாகவோ செல்வம் மிக்க நிறுவனமாகவோ வளரவில்லை. பணமின்றி ஒருமுறை மூடப்பட்டது. மாணவியர் பலர் மணமாகிப் பாதியிலேயே நின்றனர். வெளிநாடு சென்ற காலங்களில் அவர் தம் பள்ளியைத் தொலைவிலிருந்தே நினைந்து கவலையுற்றார். ஆயினும் அப்பள்ளி அழியவில்லை. அவர் பெயரையே தாங்கி இன்றும் கொல்கத்தாவில் நடந்துவருகிறது. 

பிற நாட்டுக் குழந்தைகளுக்குத் தொண்டாற்ற விழைவோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். ஈகையுள்ளம் அவர்க்கெல்லாம் உண்டு. நிவேதிதை அதனோடு வேறொன்றையும் கொண்டிருந்தார். சமையலறைக்குள் நுழையாதே என்ற பணிப்பெண்ணின் சொல்லையும், கோட்டுக்குரிய சொல்லைத் தந்த சிறுமியின் விடையையும் ஒரே பணிவுடன் அவர் ஏற்றுக்கொண்டார். அப்பணிவே வேற்று நாட்டில் பிறந்த மார்கரெட்டைப் பாக்பஜாரின் நிவேதிதையாக்கியது.

கற்பவை கற்றபின்

1. நிவேதிதையை இந்தியாவுக்கு அழைத்த மடலில் விவேகானந்தர் இடர்ப்பாடுகளையே மிகுதியாக எடுத்துரைத்ததன் காரணம் யாதாக இருக்கலாம்? வகுப்பில் கலந்துரையாடுக.

2. திரையிட்ட வண்டியில் மாணவியரை அழைத்துவந்த நிவேதிதையின் அணுகுமுறை சரியே, மாற வேண்டியதே என்னும் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. மொழி அறியாத ஊர் ஒன்றில் உள்ள பள்ளியில் ஓராண்டு தொண்டாற்ற உமக்கு வாய்ப்புக் கிடைத்தால், கற்பிக்கும் முன் நீவிர் கற்க வேண்டியவை யாவை எனப் பட்டியலிடுக.